பிரேக்கில் கரையும் பெட்ரோல்

கேள்வி இதுதான்: ஆறு வருஷம் ஓடிய பெட்ரோல் கார், மேனுவல் கியர். வாங்கிய புதிதில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 12தான் கொடுக்கிறது. சர்வீஸ் எல்லாம் நேரத்துக்குச் செய்தாகிறது. டேங்கில் ஊற்றும் மருந்து பாட்டில், பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் இதெல்லாம் வாங்கினால் பழைய மைலேஜ் திரும்புமா? இல்லை, வேறு வழி இருக்கிறதா?

பாட்டிலும் வேண்டாம், காந்தமும் வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வழி இருக்கிறது. பாதி வண்டியில் இருக்கிறது, பாதி உங்கள் வலது காலில் இருக்கிறது. என் அனுபவத்தில் இரண்டாவது பாதிதான் பெரியது, ஆனால் யாரும் அதைக் கேட்க விரும்புவதில்லை. "நான் நிதானமாத்தான் சார் ஓட்டுறேன்" என்பார்கள். எல்லோரும் நிதானமாகத்தான் ஓட்டுகிறார்கள்!

முதலில் அந்த 12 எப்படி வந்தது என்று பாருங்கள். டேஷ்போர்டு காட்டுகிற எண்ணா, நீங்களே கணக்குப் போட்டதா? டேஷ்போர்டு எண் என்பது வண்டியின் கணினி போடும் மதிப்பீடு. பல வண்டிகளில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். நம்பக்கூடிய கணக்கு பழைய கணக்குதான். பம்ப் தானாக 'டக்' என்று நிற்கும் வரை டேங்கை நிரப்புங்கள், ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள், வழக்கம்போல ஓட்டுங்கள், அடுத்த முறை அதே பெட்ரோல் பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி 'டக்' வரை நிரப்புங்கள். 412 கிலோமீட்டர் ஓடி 33.5 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 12.3. இதில் ஒரு பொறி இருக்கிறது. பம்ப் இரண்டு லிட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால் அதே ஓட்டத்துக்கு 13.1 என்று வரும், இரண்டு லிட்டர் கூடப் பிடித்தால் 11.6. அதனால் ஒரு டேங்க் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மூன்று டேங்க் சேர்த்துக் கூட்டி வகுத்தால் உண்மை தெரியும். 'டக்' என்ற பிறகும் குலுக்கிக் குலுக்கி ஊற்றச் சொல்லாதீர்கள். பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோலே போய் அது கெட்டுவிடும்.

அடுத்து, பாதை மாறியிருக்கிறதா என்று யோசியுங்கள். வேலை மாறியிருக்கலாம், வழியில் சிக்னல்கள் கூடியிருக்கலாம், 20 கிலோமீட்டர் ஓட்டம் 4 கிலோமீட்டர் ஆகியிருக்கலாம். குறைந்த தூர ஓட்டம் மைலேஜுக்குப் பெரிய எதிரி. குளிர்ந்த என்ஜினுக்குக் கணினி கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும், ஆயிலும் கெட்டியாக இருக்கும். என்ஜின் சூடேறி ஒழுங்குக்கு வரும் நேரத்தில் நீங்கள் சாவியைத் திருப்பி இறங்கிவிடுகிறீர்கள். அப்படிப்பட்ட வண்டியில் எந்தக் கோளாறையும் தேடிப் பயனில்லை. நான்கு சின்ன வேலைகளை ஒரே சுற்றாகச் சேர்த்து முடித்தால் போதும். காலையில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்து என்ஜினைச் சூடேற்றுவதும் வீண். அரை நிமிடம் விட்டுவிட்டு மெதுவாகக் கிளம்பினால் ஓட்டத்திலேயே சீக்கிரம் சூடேறும்.

சரி, பாதை மாறவில்லை, கணக்கும் 12தான் என்கிறது. இப்போது காலுக்கு வருவோம்.

மைலேஜ் என்றதும் எல்லோரும் ஆக்ஸிலேட்டரைத்தான் நினைப்பார்கள். நான் பிரேக்கைப் பார்க்கச் சொல்வேன். ஆளோடு சேர்த்து 1200 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்தில் சுமார் 3 லட்சம் ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் இருக்கும் சக்தியில் கால்வாசிதான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சம் சூடாகப் போய்விடுகிறது. அப்படிப் பார்த்தால் அந்த வேகத்தைச் சேர்க்க ஏறக்குறைய 37 மில்லி பெட்ரோல் எரிந்திருக்கும். பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினால் அந்த 37 மில்லியும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போயிற்று. இருமல் மருந்துக்கு ஒரு சின்ன மூடி கொடுப்பார்களே, 10 மில்லி பிடிக்கும், அதில் கிட்டத்தட்ட நான்கு மூடி. 40இலிருந்து நின்றால் ஒரு மூடி. முழுசாக நிற்கக்கூட வேண்டாம். 80இல் போகும்போது முன்னால் போகிற வண்டியைப் பார்த்து 60க்கு ஒரு மிதி மிதித்தால் 16 மில்லி போய்விடும். வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் ஏறுவதால் மேல்வேகத்தில் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் விலை கூடியது.

ஒருமுறை இதே புகாரோடு வந்த ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 15 கிலோமீட்டர் போனேன். வண்டியைத் தொடவே இல்லை, அவர் பிரேக்கை மிதிப்பதை மட்டும் எண்ணினேன். 60 மிதியைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். மனிதர் வேகமாக ஓட்டுகிறவர் இல்லை. முன்னால் போகும் வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறவர். அது கொஞ்சம் தயங்கினால் இவர் பிரேக், அது நகர்ந்தால் இவர் ஆக்ஸிலேட்டர். 200 மீட்டர் தள்ளி சிக்னல் சிவப்பு என்று கண்ணுக்குத் தெரிகிறது, கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழவில்லை. கடைசி 30 மீட்டரில் அழுத்திப் பிடிக்கிறார். திரும்பி வரும்போது ஒரே ஒரு விஷயம் மட்டும் சொன்னேன்: முன்வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் மூன்று விநாடி இடைவெளி விடுங்கள், சிவப்பைப் பார்த்த நொடியில் காலை எடுத்துவிடுங்கள். பிரேக் மிதிப்பது பாதிக்குக் கீழே வந்தது. போய்ச் சேர்ந்த நேரத்தில் சொல்லும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. இடைவெளி விட்டால் நடுவில் யாராவது நுழைவார்கள்தான். நுழையட்டும், மறுபடி கொஞ்சம் விடுங்கள்.

காலை எடுக்கும்போது கியரிலேயே வைத்து எடுக்க வேண்டும், நியூட்ரலுக்குத் தள்ளக் கூடாது. இதைச் சொன்னால் பழைய டிரைவர்கள் சண்டைக்கு வருவார்கள். நியூட்ரல் தட்டி உருளவிடுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். கணினி சொல்லும் அளவில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வைத்த என்ஜினில் கதை வேறு. வண்டி கியரில் இருந்து, கால் ஆக்ஸிலேட்டரை முழுசாக விட்டு, என்ஜின் சுற்று ஐடிலுக்கு (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் குறைந்த சுற்றுக்கு) மேலே இருக்கும் வரை கணினி பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரமே என்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் என்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் எரித்தே ஆக வேண்டும். உங்கள் வண்டியில் அந்தந்த நொடியின் மைலேஜைக் காட்டும் வசதி இருந்தால் சோதித்துப் பாருங்கள். கியரில் காலை எடுத்ததும் பட்டை கடைசி வரை போய் முட்டி நிற்கும், பல வண்டிகளில் 99 என்று காட்டும். கியரில் வண்டி சீக்கிரம் வேகம் குறையும் என்பது உண்மைதான். ரொம்பத் தூரம் லேசான சரிவில் உருளும்போது நியூட்ரல் லாபமாகத் தெரியலாம். ஆனால் இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் முழு எடையையும் பிரேக்கே தாங்க வேண்டும், அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் என்ஜினையே அணைக்கிறவர்களும் உண்டு. பவர் ஸ்டீயரிங் போய்விடும், இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல் மாதிரி ஆகிவிடும். அந்த வேலையே வேண்டாம்.

கிளம்பும்போது முட்டையை மிதிப்பது போல ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. பெட்ரோல் என்ஜின் குறைந்த சுற்றில், ஓரளவு சுமையோடு இழுக்கும்போதுதான் சிக்கனமாக வேலை செய்கிறது. அதனால் நடுத்தரமாக அழுத்தி, சீக்கிரம் சீக்கிரமாக மேல் கியருக்குப் போவதே நல்லது. நிமிடத்துக்கு 2000, 2500 சுற்றுக்குள் மாற்றினால் பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்கள் ஏற்றுக்கொள்ளும். வண்டி உதறினால், முனகினால் கியரைக் குறைத்துவிடுங்கள். தேவையில்லாமல் மூன்றாவது கியரில் இரைச்சலோடு போவதுதான் நான் அதிகம் பார்க்கிற தப்பு.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80இல் போவதைவிட 100இல் போகும்போது காற்று 56 சதவீதம் கூடுதலாகத் தள்ளும், 120இல் இரண்டே கால் மடங்கு. 30 கிலோமீட்டர் தூரத்தை 100இல் போனால் 18 நிமிடம், 80இல் போனால் இருபத்திரண்டரை. அந்த நாலரை நிமிடத்துக்கு எவ்வளவு பெட்ரோல் கொடுக்கலாம் என்பது அவரவர் முடிவு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர் என்று வேக வரம்பு வைத்ததும் எரிபொருளை மிச்சப்படுத்தத்தான். அந்தச் சட்டம் 1995 வரை இருந்தது.

இனி வண்டி.

டயர் காற்றைப் பார்ப்பது எளிது, அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். அதில் போட்டிருக்கும் அளவுதான் உங்கள் அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கக்கூடிய உச்சம், அதை நிரப்பக் கூடாது. வண்டி குளிர்ந்திருக்கும்போது, அதாவது காலையில் எடுத்த உடனே பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளந்தால் எண் கூடிக் காட்டும், நீங்கள் காற்றை இறக்கிவிடுவீர்கள். ஓட்டை எதுவும் இல்லாத டயரிலேயே மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று குறையும். நான்கு டயரிலும் சராசரியாக ஒவ்வொரு பிஎஸ்ஐ குறைவுக்கும் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் அடிபடும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. சின்ன எண்தான். ஆனால் ஆறு மாதம் காற்றே பார்க்காத வண்டிகள் 8, 10 பிஎஸ்ஐ குறைவாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் டயரின் ஓரம் தேய்வதும் வெடிக்கிற ஆபத்தும்தான் பெரிய செலவு.

அப்புறம் ஒரு விஷயம். சமீபத்தில் டயர் மாற்றினீர்களா? புது டயரில் ரப்பர் தடிமனாக இருப்பதால் உருளும் எதிர்ப்பு கொஞ்சம் கூடுதல், முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு மைலேஜ் லேசாகக் குறையும். அழகுக்காக அகலமான டயர் போட்டிருந்தால் நிரந்தரமாகக் குறையும். விட்டம் பெரியதாக இருந்தால் இன்னொரு வேடிக்கை: சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், ஓடோமீட்டர் அதைக் கணக்கில் எடுக்காது. 3 சதவீதம் பெரிய டயர் என்றால் 100 கிலோமீட்டர் ஓடியதை 97 என்று காட்டும். மைலேஜ் குறைந்ததாகத் தோன்றுவதில் ஒரு பகுதி வெறும் கணக்குப் பிழையாக இருக்கும்.

பிரேக் பிடித்தபடியே ஓடுவது நான் கண்ட இன்னொரு திருடன். ஒரு வண்டி, 'பிக்கப் இல்லை, மைலேஜ் இல்லை' என்று வந்தது. அதற்கு முன் வேறொரு இடத்தில் பிளக், ஃபில்டர், இன்ஜெக்டர் கிளீனிங் என்று எல்லாம் செய்து பணம் செலவழித்திருந்தார் உரிமையாளர். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து நான்கு வீலுக்குப் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டினேன். மூன்று சும்மா இருந்தன, பின்பக்கம் இடது வீல் அடுப்புப் பக்கத்தில் கையை வைத்தது போல அடித்தது. லிஃப்டில் ஏற்றி ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுக் கையால் சுற்றினால் வலது வீல் இரண்டு சுற்று போய் நின்றது, இடது வீல் கால் சுற்றில் நின்றது. ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து உள்ளே இறுகியிருந்தது. வேறொன்றும் இல்லை. முன்வீலில் இதே வேலையைக் காலிப்பரில், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தில், இருக்கும் நகரும் ஊசி செய்யும், கிரீஸ் காய்ந்து நகராமல் போய்விடும். நீங்களும் இதைப் பார்க்கலாம். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நிறுத்தியதும் ஒவ்வொரு வீல் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். முன்வீல் இரண்டும் ஒரே அளவு, பின்வீல் இரண்டும் ஒரே அளவு சூடாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் தனித்துத் தெரிந்தால் உங்கள் 16இல் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.

என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் சத்தம் போடாமல் பெட்ரோலைத் தின்னும். அது திறந்தபடியே மாட்டிக்கொண்டால் என்ஜின் முழுச் சூட்டுக்கு வரவே வராது. கணினி 'இன்னும் குளிராகத்தான் இருக்கிறது' என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டியே கொடுக்கும். வண்டி நன்றாக ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. கால் மணி நேரம் ஓட்டிய பிறகும் சூட்டு முள் நடுவுக்கு வரவில்லை, அல்லது நீல விளக்கு அணையவில்லை என்றால் அதைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதையும் அலட்சியப்படுத்தாதீர்கள். புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளந்து கணினிக்குச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சார் செத்திருந்தால் மைலேஜ் மூன்றில் ஒரு பங்குகூடக் காணாமல் போகும். விளக்கு எரிவதை மறைக்கக் கறுப்பு டேப் ஒட்டிய வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

ஏர் ஃபில்டர் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறையும் என்பது கார்புரேட்டர் வண்டிக்குப் பொருந்தும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இன்ஜெக்டர் கார்களில் அடைத்த ஃபில்டரையும் புது ஃபில்டரையும் மாட்டிச் சோதித்தது. மைலேஜ் கிட்டத்தட்ட மாறவில்லை, பிக்கப்தான் குறைந்தது. காற்று குறைந்தால் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், ஆனால் 12ஐ 16 ஆக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆயில் கையேட்டில் சொன்ன கிரேடுதானா என்று மட்டும் பில்லில் பாருங்கள். தடித்த ஆயில் ஊற்றினால் ஒன்றிரண்டு சதவீதம் போகும்.

டிக்கியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். 45 கிலோவுக்கு ஒரு சதவீதம் என்பது தோராயக் கணக்கு. கூரையில் காலி கேரியர் இருந்தால் அதைக் கழற்றுவது இதைவிட முக்கியம். மேலே பெட்டியோடு வேகமாகப் போனால் 10இலிருந்து 25 சதவீதம் வரை இழப்பு வரும்.

ஏசியை அணைத்துவிட்டு வியர்த்துக் கொட்ட வேண்டாம். மெதுவாகப் போகும்போது ஜன்னல், வேகமாகப் போகும்போது ஏசி என்பது போதுமான விதி. வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் ஒரு நிமிடம் ஜன்னலைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுங்கள், உள்காற்றையே சுற்றும் பொத்தானை அழுத்துங்கள். ஏசியில் உண்மையான செலவு நின்ற இடத்தில் ஓடுவதுதான். என்ஜின் அளவையும் ஏசியையும் பொறுத்து, ஒரு மணி நேரம் ஐடிலில் நின்றால் ஒரு லிட்டர் அளவுக்குப் போகும், பெரிய என்ஜினில் இரண்டு லிட்டர் வரை. நாளுக்கு 15 நிமிடம் யாருக்காவது காத்திருந்தால் மாதத்துக்கு ஏழரை லிட்டர், ஒரு கிலோமீட்டர்கூட நகராமல். மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல் சுமார் பத்து விநாடி ஐடிலுக்குச் சமம். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் தயங்காமல் அணையுங்கள். சிக்னலில் முன்னால் நிற்கும்போது மட்டும் கவனமாக இருங்கள்.

இப்போது பாட்டிலும் காந்தமும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட மைலேஜ் கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. மிகச் சில மட்டும் சிறிய பலன் தந்தன, பெரும்பாலானவை ஒன்றும் தரவில்லை. காந்தம் பெட்ரோலை ஒன்றும் செய்யாது. டேஷ்போர்டுக்குக் கீழே செருகும் 'சிப்' டப்பாக்களைப் பிரித்துப் பார்த்தால் பலவற்றில் மினுக்கும் விளக்கைத் தவிர ஒன்றும் இருக்காது. மாட்டியவர் 'ஒரு கிலோமீட்டர் கூடியது' என்று சத்தியம் செய்வார். பொய் சொல்லவில்லை. பணம் போட்டு மாட்டியதும் கால் தானாக நிதானமாகிவிடுகிறது. உயர் ஆக்டேன் பெட்ரோலும் இப்படித்தான். கையேடு கேட்டால் ஒழிய அதில் மைலேஜ் கிடையாது. பெட்ரோலில் எத்தனால் கலந்திருந்தால் மைலேஜ் கொஞ்சம் குறையும், அதற்கு வண்டியைக் குறை சொல்ல முடியாது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 10 சதவீதக் கலப்பில் சுமார் 3 சதவீதமும், 20 சதவீதக் கலப்பில் 6, 7 சதவீதமும் சக்தி குறைகிறது. ஆறு வருஷத்துக்கு முன் நீங்கள் போட்ட பெட்ரோலில் கலப்பு குறைவாக இருந்திருந்தால் அந்த அளவு வித்தியாசத்தை எந்த மெக்கானிக்காலும் மீட்க முடியாது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால் 12இல் 83 லிட்டர் ஆகும், 14 வந்தால் 71, 16 வந்தால் 62.5. முதல் இரண்டு கிலோமீட்டர் ஏற்றம் 12 லிட்டரை மிச்சப்படுத்துகிறது, அடுத்த இரண்டு 9தான். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் மைலேஜ் மோசமான வண்டியில் முதலில் கை வையுங்கள், லாபம் அங்கேதான் கூடுதல்.

கடைசியாக, அந்தப் பழைய 16 எங்கிருந்து வந்தது? டேங்க் நிரப்பிப் போட்ட கணக்கா, டேஷ்போர்டில் பார்த்த எண்ணா, நீண்ட பயணம் ஒன்றில் கிடைத்ததா? டேஷ்போர்டு எண் என்றால் உங்கள் வண்டி அன்றைக்கே 15தான் ஓடியிருக்கலாம். நெடுஞ்சாலைப் பயணத்தில் கிடைத்தது என்றால் நகரத்துக்குள் ஓடும் இன்றைய 12ஐ அதோடு ஒப்பிடவே முடியாது. மூன்று டேங்க் கணக்கைக் குறித்துக்கொண்டு, பழைய பில்கள் இருந்தால் எடுத்து வைத்துப் பாருங்கள். தேட வேண்டியது நான்கு கிலோமீட்டரா, இரண்டா என்று அதில் தெரிந்துவிடும்.